கமலத்தின் கட்டிலோரச் சுவர்

1997 ஐப்பசி, செவ்வாய் இரவு. புதுக்குடியிருப்பு.

இடுப்பு முறிந்து கிடக்கும் என் மனைவி கமலத்தால் பங்கருக்குள், அந்தப் பதுங்குகுழிக்குள், இறங்க முடியாது. ஆமி செல் அடித்தால் சிதறும் துண்டுகள் படாமல் இருக்கட்டும் என்று அவள் கட்டிலோரம் சுவர் கட்டத் தொடங்கினேன். வன்னிக்குள் சீமெந்து வரத் தடை. எப்படியோ கிடைத்த அரைப் பை சீமெந்தில் மணலை அளவுக்கு மிஞ்சி அள்ளிக் கொட்டி, பெரிய மேசன்போல அச்சில் கல் அரிந்தேன்.

பக்கத்து வீட்டுப் பரமேஸ், ஊர்வம்பு முழுவதையும் சுமப்பவன், எட்டிப் பார்த்தான்.

“அண்ணை, உது கல்லோ, அரிசிமாவோ?”

“நக்கிப் பாரன்.”

இன்று மூன்றாவது கல்வரி வைத்ததும் அடிவரி நசிந்து, முழுச் சுவரும் பொலபொலவென்று உதிர்ந்தது. பரமேஸ் சிரிக்கவில்லை. அவனே சிரிக்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“உம்மட வாய்க்குப் பயந்து செல் இஞ்சால வராதப்பா” என்று கமலத்திடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

“பகிடியை விட்டிட்டு, என்ர கூறைச்சீலையைக் கிழிச்சு மண்மூட்டை தையுங்கோ. கத்தரிக்கோலை எடுங்கோ.”

எங்கள் கல்யாணச் சேலை; இடம்பெயர்ந்து ஓடிவந்தபோது அவள் கொண்டுவந்த ஒரே நல்ல சேலை அது. கத்தரிக்கோலைக் காணவில்லை என்று சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். அது என் மடியில்தான் கிடக்கிறது. விடிந்ததும் வெட்டத்தான் வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து வெட்டுவது என்றுதான் தெரியவில்லை.