மச்சானுக்குப் போட்ட ஒப்பம்

ஞாயிறு, இஷா தொழுதுவிட்டு வந்து.

மனைவியின் தம்பி றிபாஸ் இன்று மஸ்கட் இனிப்புப் பெட்டியோடு வந்தான். என் காரை வாங்கி ஒரு வருடமாகியும் அவன் அதைத் தன் பெயருக்கு மாற்றவில்லை. சொந்தத்துக்குள் தானே என்று, ஊர் வழக்கப்படி பெயர் மாற்றும் வெற்றுப் படிவத்தில் ஒப்பம் வைத்துக் கொடுத்திருந்தேன். அதையும் தொலைத்துவிட்டானாம்.

போன மாதம் ஒலுவிலில் ஒருவரின் சைக்கிளை இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறான். பொலிஸ் வந்தது என் வீட்டுக்கு. ஜும்ஆ முடிந்து வந்த சனமெல்லாம் நின்று பார்த்தது. அவனுக்குப் போன் எடுத்தேன்.

"கார் உங்கட பேரிலதானே மச்சான். நீங்களே போய்க் கதைங்களன்" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

இப்போது காரை வேறொருவருக்கு விற்கிறான். வாங்குபவர் பெயர் மாற்றித் தந்தால்தான் எடுப்பாராம். "சும்மா ஒரு சைன் மச்சான்" என்று புதுப் படிவத்தை நீட்டினான். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தாள். நான் அவசரப்படாமல், ஆறுதலாக ஒப்பம் வைத்தேன்.

"தங்கமான மனிசன் நீங்க" என்றபடி, பார்க்காமலே மடித்து எடுத்துப் போனான்.

அடையாள அட்டையில் என் ஒப்பம் தமிழில் இருக்கிறது. இன்று ஆங்கிலத்தில் வைத்தேன், நன்றாக வளைத்து, அழகாக.

இந்நேரம் கொழும்பு பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருப்பான். நாளை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வரிசையில் நிற்பான். ஒப்பம் பிழையென்று திருப்பி அனுப்பினால் எனக்குத்தான் போன் எடுப்பான். எடுக்கட்டும்.

"பேப்பர் உன்ட கையிலதானே தம்பி. நீயே போய்க் கதையன்."