துணியின் மறுமுனை

இடைசெவல்
9.9.1997

தம்பி ரூபஸுக்கு,

அக்கா ஜெயஷீலா எழுதுவது. சென்னையில் நீயும் உன் ஊழியமும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். இங்கே நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அப்பாவின் குதிகாலில் இருந்த சர்க்கரைப் புண் கணுக்கால் வரை ஏறிவிட்டது. போன வாரம் கட்டைப் பிரித்தால் உள்ளே புழு நெளிகிறது. நர்ஸம்மா சொன்னபடி டர்பென்டைன் விட்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். பதினாலு மாதமாகச் செய்கிற வேலை, இன்னும் பழகவில்லை. குமட்டுகிறது. சோற்றில் கை வைத்தாலும் அந்த வாடை, தீப்பெட்டி ஒட்டுகிற பசையிலும் அந்த வாடை. "ஏட்டி, சேலத் தலப்ப மூக்குல கட்டிக்கிட்டுச் செய்யி" என்கிறாள் பக்கத்து வீட்டுச் சொர்ணத்தாய். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படிக் கட்டுவது?

இனி எழுதுவது உனக்கு மட்டும். போன செவ்வாய்க்கிழமை காலை, அப்பாவுக்குக் கீழே நனைந்து கிடந்த துணியை உருவினேன். வழக்கமாக இழுக்க முடியாது. அன்றைக்கு எதிர்ப்பக்கம் யாரோ மறுமுனையைத் தூக்கிக் கொடுத்த மாதிரி பாரம் குறைந்தது. சொர்ணத்தாய் இல்லை. வெளிச்சமோ சத்தமோ இல்லை. ஆண்டவர்தான் என்று எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நாற்றம் கொஞ்சமும் குறையவில்லை. அந்த நாற்றத்திலேயே அவரும் நின்றார். நான் அழவில்லை, ஜெபிக்கவுமில்லை, வேலையைப் பார்த்தேன். கட்டுப் போட்டு முடிகிற வரை இருந்தார்.

யாரிடமும் சொல்லாதே. நீ ஊழியக்காரன், உனக்குப் புரியும் என்றுதான் எழுதினேன்.

அன்பு அக்கா,
ஜெயஷீலா

*

சென்னை
22.9.1997

ஆண்டவருக்குள் மிகவும் பிரியமான அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை முழங்காலில் நின்று மூன்று தரம் வாசித்தேன். தேவ பிரசன்னத்தைப் பற்றிப் பதினோரு வருடமாகப் பிரசங்கம் செய்கிறேன். அது நம் வீட்டுக்கே வந்துவிட்டதே என்று நினைக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

யாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் தாழ்மை. ஆனால் சாட்சி சபைக்குச் சொந்தம் அக்கா, பெட்டியில் வைத்துப் பூட்டுவதற்கில்லை. நம் மாதப் பத்திரிகையின் அக்டோபர் இதழுக்குக் கொடுத்துவிட்டேன். ஊர்ப்பெயரும் போட்டிருக்கிறேன். விசுவாசிகள் யாராவது அந்த அறையைப் பார்க்க வந்தால் முகம் கோணாமல் உபசரியுங்கள். அப்பாவைப் பார்க்க எனக்கும் ஆசைதான், ஆனால் கூட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. அப்பாவுக்கு என் ஸ்தோத்திரத்தைச் சொல்லுங்கள்.

உங்கள் அன்புத் தம்பி,
சகோ. ரூபஸ்

*

இடைசெவல்
4.11.1997

ரூபஸ்,

உன் பத்திரிகையை வாசித்தேன். "அறையெங்கும் மல்லிகை மணம் கமழ்ந்தது" என்று போட்டிருக்கிறாய். நம் வீட்டிலா? நாற்றம் கொஞ்சமும் குறையவில்லை என்று எழுதியிருந்தேனே, அதை எங்கே தொலைத்தாய்? அதில்தான் அவர் வந்தார். நாற்றத்தை எடுத்துவிட்டால் அவர் வந்ததற்கு அர்த்தமே இல்லை. வாசித்தபோது, புண்ணைப் பார்த்தபோதுகூட வராத அருவருப்பு எனக்கு வந்தது.

ஆட்களும் வந்தார்கள். நாகலாபுரத்திலிருந்து ஒரு வேன் வந்து, மழையில் கரிசல் மண்ணில் புதைந்துவிட்டது. இறங்கினவர்கள் வீடெல்லாம் சேறாக்கிவிட்டார்கள். அப்பாவிடம், "ஐயா, நீங்க என்ன பாத்திய?" என்று கேட்டார்கள். அப்பா, "வெக்கமா இருக்குட்டீ, போகச் சொல்லு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பேபி என்று ஓர் அம்மாள் அந்தத் துணியில் ஒரு துண்டு கிழித்துத் தரச் சொன்னாள், வியாதிக்காரர் மேல் போட்டு ஜெபிக்க வேண்டுமாம். அன்று காலை உருவிய துணியை வாளியோடு கொண்டுபோய் நீட்டினேன். மூக்கைப் பொத்திக்கொண்டு, "துவைச்சது இருந்தாத் தாங்கம்மா" என்றாள். இவர்களுக்கெல்லாம் துவைத்த ஆண்டவர் வேண்டும். உனக்கும்தான்.

அந்தச் செவ்வாய்க்குப் பிறகு என் பக்கத்தில் யாரும் இல்லை. அது உன்னால் என்று சொல்ல மாட்டேன். ஆனால் துணியை உருவும்போதெல்லாம் உன் மல்லிகைதான் ஞாபகம் வருகிறது. எனக்கென்று இருந்தது அந்த ஒரு காலைதான், அதையும் கெடுத்துவிட்டாய்.

நீ ஒரு நாள் வந்து அப்பாவின் கட்டைப் பிரி. பிறகு தேவ பிரசன்னத்தைப் பற்றிப் பேசு.

ஜெயஷீலா

*

சென்னை
2.12.1997

அன்பு அக்கா,

வந்துவிட்டுத் திரும்பியும் ஒரு வாரமாக எழுதக் கை வரவில்லை. அன்றைக்கு நீங்கள் இடுக்கியைக் கையில் கொடுத்தீர்கள். கட்டைப் பிரித்ததும் கொல்லைக்கு ஓடி வாந்தியெடுத்தேன். திரும்பி வந்தபோது அப்பா, "ஏலே, ஒனக்கு முடியாதுல, அக்காகிட்டக் குடுத்துரு" என்றார். என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

ஒரு மாதிரி முடித்தேன். ஆனால் அக்கா, ஒன்றும் வரவில்லை. குமட்டல்தான் வந்தது, எப்போது வெளியே போவோம் என்று இருந்தது. அன்றைக்கு மட்டுமில்லை. இந்தப் பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட ஆண்டவர் பக்கத்தில் இருப்பதாக நான் உணர்ந்ததில்லை. மேடையில் சொன்னதெல்லாம் மற்றவர்களிடம் கேட்டது. உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்குச் சந்தோஷமில்லை, பொறாமை. இரவல் மல்லிகையைச் சேர்த்தது அந்தப் பொறாமைதான். இதை உங்களைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. மன்னித்துவிடுங்கள். என்னோடு வந்த லிங்கராஜும் அப்பாவை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னான்.

உங்கள் தம்பி,
ரூபஸ்

*

இடைசெவல்
19.1.1998

ரூபஸுக்கு,

உன் டிசம்பர் கடிதத்தை வாசித்து அழுதேன். பிறந்ததிலிருந்து நீ எழுதின ஒரே உண்மையான எழுத்து அது என்று நினைத்தேன். ஒன்றும் வராமலே புண்ணைக் கழுவினாயே, அது பெரிய காரியம், அதையே பிடித்துக்கொள் என்று நாலு பக்கம் பதிலும் எழுதி வைத்திருந்தேன். தபாலில் சேர்ப்பதற்குள் உன் ஜனவரி இதழ் வந்தது.

அட்டையில் அப்பாவின் கால். அதைப் பிடித்துக்கொண்டு நீ. வாசலில் நின்ற லிங்கராஜ் கையில் வைத்திருந்தது காமிரா என்று அப்போது நான் கவனிக்கவில்லை. உள்ளே, "என் கைகளோடு இன்னொரு கை சேர்ந்து அந்தப் புண்ணைக் கழுவியது" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு எழுதினது ஒன்று, ஊருக்கு எழுதினது ஒன்று. அப்பா அட்டையைப் பார்த்துவிட்டார். "என் கால ஊரெல்லாம் பாக்கட்டும்னு போட்டுட்டானா?" என்று கேட்டார். அப்புறம் என்னையும் புண்ணைத் தொட விடவில்லை. இரண்டு நாள் போர்வைக்குள்ளேயே காலை மறைத்து வைத்திருந்தார். நான் கெஞ்சினேன். கேட்கவில்லை.

அப்பா இந்த மாதம் பதினான்காம் தேதி காலை காலமானார். மறுநாள் அடக்கம் முடிந்தது. சொர்ணத்தாயின் வீட்டுக்காரர் கிட்டு அண்ணாச்சியும் தெரு ஆட்களும் தூக்கினார்கள். எல்லாரும், "ரூபசுக்குத் தந்தி குடுத்தாச்சா?" என்று கேட்டார்கள். கொடுத்தாச்சு என்று பொய் சொன்னேன். பெட்டியை மூடுகிற வரை உனக்காகக் காத்திருந்தார்கள். நான் செய்தது பாவம். பெற்ற மகனுக்கு அப்பா முகத்தைக் காட்டாமல் புதைத்தேன். ஆனால் நீ வந்திருந்தால் அந்த முகமும் பிப்ரவரி அட்டையில் வந்திருக்கும்.

இனி எனக்குக் கடிதம் எழுதாதே. பத்திரிகையும் அனுப்பாதே.

அப்பாவைக் குளிப்பாட்டினது நானும் சொர்ணத்தாயும். எங்களோடு வேறு யாராவது இருந்தாரா என்று உனக்கு எழுத மாட்டேன்.

ஜெயஷீலா