ரீச்சருக்குச் சோதினை

கார்த்திகை 4, செவ்வாய்

பட்டப்படிப்புக்கான என் கற்பித்தலைப் பார்க்க இன்று விரிவுரையாளர் எங்கள் முன்பள்ளிக்கு வந்தார். பிள்ளைகளைப் பாவனை விளையாட்டுக்கு விட்டேன். கடை போடுவார்கள், சமைப்பார்கள் என்று நினைத்தேன். நாலு வயது யாழினி நேரே போய் என் கதிரையில் ஏறி இருந்தாள். மடியில் ஒரு புத்தகம். நிமிர்ந்தும் பார்க்காமல், "சத்தம் போடக்கூடாது பிள்ளையள், ரீச்சருக்குச் சோதினை வருது," என்றாள்.

மற்றப் பிள்ளைகள் அத்தனை பேரும் வாயில் விரலை வைத்துக்கொண்டு பாயில் இருந்துவிட்டார்கள். எவ்வளவு நன்றாகப் பழக்கி வைத்திருக்கிறேன்!

விரிவுரையாளர் சிரித்தார். "கெட்டிக்காரி! உந்த விளையாட்டை ஆரிட்டைப் பழகினனீங்கள்?"

அவள் என்னைக் காட்டினாள். அவர் சிரிப்பு நின்றது. தன் குறிப்பேட்டில் எதையோ எழுதினார். அதைவிட என்னை ஏசியிருக்கலாம்.

நான் வேறு எங்கே படிப்பது? வீட்டில் புத்தகத்தை விரித்தால் இவருக்குத் தேத்தண்ணீர், மாமிக்கு மருந்துக் குளிசை. பட்டம் இல்லாவிட்டால் வேலையும் நிலைக்காது. சனிக்கிழமை எழுத்துச் சோதனை. இப்போது திறந்த பக்கத்திலும் அதுதான் கிடக்கிறது: குழந்தை தான் காண்பதையே விளையாடும்.

நாளைக்குப் புத்தகத்தைக் கொண்டுபோகக் கூடாது என்று நினைத்தபடியே பைக்குள் வைத்துவிட்டேன்.