இரண்டாம் தடவையும் சொன்ன பல்லிக்கு

என் பல்லிக்குட்டிக்குப் பாட்டி எழுதிக்கொள்வது, இங்கே என் மூட்டுவலி நீங்கலாக எல்லாரும் சுகம், உன் சுகத்தை உள்ளது உள்ளபடி எழுது. முதலில் நல்ல சேதி. விபத்தே செய்யாத டிரைவர் என்று உன் அண்ணனுக்குக் கோப்பை கொடுத்திருக்கிறார்கள், அதில் உன் அண்ணி சீப்பைச் செருகி வைத்திருக்கிறாள். உன் சித்தி மகள் வக்கீலுக்குப் படித்து முடித்துவிட்டாள், இனி அவளை எதிர்த்து யாரும் பேச முடியாது, முன்பும் முடியாதுதான். கடைக்குட்டி நீச்சலில் மூன்றாவதாக வந்தான், மூன்று பேர்தான் நீந்தினார்கள் என்பதை நான் வெளியே சொல்வதில்லை. நீயோ ஊருக்கெல்லாம் பல் செய்கிறவள், நீ செய்து கொடுத்த பல்லால்தான் நான் வறுத்த கடலையை நறநறவென்று கடிக்கிறேன்.

ஆனால் இதெல்லாம் ஒரு தட்டில், போன மாதம் நீ போனில் சொன்னது ஒரு தட்டில். அதைப் பேசினால் அழுகை வந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு இருக்கவே பிடிக்கல பாட்டி என்றாய். நான் ஒரு அஞ்சாங்கிளாஸ், நீ தங்கியிருக்கும் அறைதான் பிடிக்கவில்லையாக்கும் என்று, பிடிக்கலன்னா வேற வீடு பாரு, தண்ணி ஒழுங்கா வருதான்னு கேட்டுக்கோ என்று புத்தி சொன்னேன். வேறு யாராவது என்றால் சரி பாட்டி என்று போனை வைத்திருப்பார்கள். நீ வைக்கவில்லை. வீடு இல்ல பாட்டி, உசுரோட இருக்கவே பிடிக்கல, செத்துடலாம்னு தோணிக்கிட்டே இருக்கு, பயமா இருக்கு என்று இரண்டாம் தடவை எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். என் பல் அப்போது கிண்ணத்தில் கிடந்தது, பொக்கை வாயால் என்னென்ன உளறினேனோ, பக்கத்துல யாரு இருக்கா என்று கேட்டது மட்டும் ஞாபகம். நீ போனோடே போய், உன்னோடு தங்கியிருக்கும் நர்ஸுப் பெண்ணிடம் சொன்னாய், அன்றைக்கே அவளோடு போய் டாக்டரிடமும் சொன்னாய். உன் தாத்தா கன்னம் வீங்குகிறவரை பல்வலியைக்கூடச் சொல்லாத மனுஷர், அவர் பேத்திக்கு இந்த நெஞ்சுரம் எங்கிருந்து வந்ததோ, நம் வீட்டில் யாருக்கும் இல்லை.

நல்ல நாளும் வருது கெட்ட நாளும் வருது என்று போன வாரம் சொன்னாய். வரட்டும். நல்ல நாள் வந்துவிட்டதே என்று டாக்டரிடம் போவதை நிறுத்தாதே. கெட்ட நாளில் மூன்றாம் தடவையும் சொல், முப்பதாம் தடவையும் சொல், நான் எடுக்கத் தாமதமானால் அந்த நர்ஸுப் பெண்ணிடம் சொல். பல் கிண்ணத்தை இப்போது போன் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். உன் அம்மாவிடம் நான் இன்னும் மூச்சு விடவில்லை, நீ சொல்லும்போது நான் அவள் பக்கத்தில் உட்காரட்டுமா என்று எழுது.

நல்லா இரு தாயி. நல்லா இல்லாத நாளிலும் இரு.

மறக்காமல் ஒரு புதுப் போட்டோ தபாலில் போடு, சுவரில் எல்லாரும் கோப்பையும் பட்டமுமாக நிற்கிறார்கள், நீ மட்டும் இன்னும் ரெட்டைச் சடையோடு நிற்கிறாய். உன் கையில் எதுவும் வேண்டாம். சிரிக்கவும் வேண்டாம், பல்லைக் காட்ட இங்கே நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பொக்கைவாய்ப் பாட்டி