ஆணி இல்லாத அலமாரி

ஏலப்பாறை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அத்தா அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே கலீல் மச்சானும் மாமியாரும் நானும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நீங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த அலமாரிதான் நலமாக இல்லை. இப்போதெல்லாம் போனில் அந்தப் பேச்சை எடுத்தாலே, மழை விட்டால் தானாகத் திறக்கும் என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். முதலமடை வெயிலில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்வது சுலபம். இங்கே இந்த வருஷம் விடாமல் மழை பிடித்து முப்பத்தெட்டு நாள் ஆகிறது. அலமாரியின் பலா மரம் ஈரம் குடித்து உப்பி, இரண்டு கதவும் ஒட்டிக்கொண்டுவிட்டன. என் துணியெல்லாம் உள்ளே. ஒரு மாதமாக மாமியாரின் நைட்டியில் திரிகிறேன், அதில் என்னைப் போல் இரண்டு பேர் நுழையலாம்.

துணி போனால் போகட்டும். என் சர்டிபிகேட்டுகளும் அதற்குள்தான் இருக்கின்றன. எந்தத் திருடனாலும் திறக்க முடியாது, முக்கியமானதை அதில் வை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். இப்போது வீட்டுக்காரியாலும் முடியவில்லை. வரும் வியாழக்கிழமை கட்டப்பனையில் அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வாணையத்தின் சர்டிபிகேட் சரிபார்ப்பு. அசல் இல்லாமல் போய் நின்றால் வேலை கைவிட்டுப் போகும். மூன்று தடவை எழுதித் தோற்று, நாலாவது தடவை கிடைத்தது அத்தா.

நீங்கள் சொன்னபடி இடது கதவைத் தூக்கி முழங்காலால் தள்ளியதில் மச்சானுக்குத் தோள் பிடித்துக்கொண்டது. ஹேர் டிரையர் வைத்து ஊதினோம், ஃபியூஸ் போனதுதான் மிச்சம். மரவேலை செய்யும் சுவக்கீன் அண்ணன் வந்து பார்த்தார். பின்பலகையைக் கழற்றலாம் என்றால் ஒரு ஆணி இல்லை, ஒரு திருகு இல்லை, எல்லாம் மரத்துக்கு மரம் பொருத்தியது, கதவை அறுப்பதைத் தவிர வழியில்லை என்றார். அதை உங்களிடம் சொன்னதற்கு, ரம்பம் பட்டால் என் வாசலை மிதிக்காதே என்றீர்கள்.

எனக்கு ஆத்திரமாக வருகிறது. நான் அலமாரி கேட்கவே இல்லை. கொல்லங்கோட்டில் ஒரு பெரிய வீட்டை இடித்தபோது அதை வாங்கி, கடையை விட்டுவிட்டு நாலு மாதம் நீங்களே பாலிஷ் போட்டது எனக்குத் தெரியும். மச்சானைத்தான் கட்டுவேன் என்று நான் பிடிவாதம் பிடித்ததில் உங்களுக்கு வருத்தம், அதுவும் தெரியும். நிக்காஹ்வுக்கு வந்து கையெழுத்துப் போட்டீர்கள், அதோடு சரி. மூன்று வருஷமாக, ஒரு தடவை வாருங்கள் என்று எப்போது கூப்பிட்டாலும், அதுதான் அலமாரி தந்தேனே என்கிறீர்கள். அதை ஏற்றி வந்த லாரியில் டிரைவர் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. நான் எட்டிப் பார்த்தேன்.

புதன்கிழமை மதியம் சுவக்கீன் அண்ணன் ரம்பத்தோடு வருகிறார். இதை ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன், திங்கள் கிடைத்துவிடும். உங்கள் கை பட்டால் அது திறக்கும். இங்கே யாரும் பழைய பேச்சை எடுக்க மாட்டார்கள், மச்சானும் சரி என்றுவிட்டார். நீங்கள் அலமாரியைப் பார்க்க வந்ததாகவே இருக்கட்டும் அத்தா. நான் யாரிடமும் வேறு மாதிரிச் சொல்ல மாட்டேன்.

குல்லாவும் ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள், குளிர் தாங்காது. அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தையும், இந்த மலை ஏறுகிற மனதையும் தரட்டும்.

உங்கள் மகள்,
அன்சிலா