கிளியை மடியில் வைத்திருந்தவளுக்கு

அக்கா,

நேற்று மகள் வீட்டு டிவியில் ஒரு படம் ஓடியது. ராஜகுமாரி, மந்திரவாதி, மாளிகை, எல்லாம் நாம் கேட்ட பழைய கதைதான். ஆனால் கதை தொடங்குவதற்குள்ளேயே தலைகள் உருள ஆரம்பித்துவிட்டன. பேரன் சோற்றைப் பிசைந்துகொண்டே பார்க்கிறான். நான் துணி மடிக்கிற சாக்கில் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன். இந்த வயதிலும் என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. கூட எழுந்து வர நீ இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. நீ அண்ணனைக் கட்டியவள், நான் தம்பியைக் கட்டியவள். ஒரே கூரை, ஒரே அடுப்பு. மலையிலிருந்து கொண்டுபோன புளியை ஆலங்காயம் சந்தையில் இறக்கிவிட்டு, பொங்கலுக்கென்று ஓட்டிய பகல் ஆட்டத்துக்கு நீதான் என்னை இழுத்துக்கொண்டு போனாய். மந்திரவாதியின் உயிர் ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் இருக்கும் கதை. காதால் கேட்டபோது அது பயமுறுத்தியதே இல்லை. படத்தில் கதாநாயகன் கிளியின் இறக்கையை முறுக்கினான். அங்கே மந்திரவாதியின் கை தோளோடு பிய்ந்து விழுந்தது. கிளியின் காலை இழுத்தான். அங்கே தொடை கிழிந்து ரத்தம் பீய்ச்சியது. கொட்டகையே விசிலடித்தது.

"இன்னாடி இப்டி நடுங்குற? செவப்புச் சாயம்டி அது" என்றாய். கழுத்தைத் திருகும்போது நீயும் கண்ணை மூடிக்கொண்டாய், நான் பார்த்தேன்.

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. என் மகள் பிறந்த அன்று, சாய்ந்த மரத்துப் பொந்திலிருந்து அவள் அப்பா ஒரு கிளிக்குஞ்சை எடுத்து வந்தார். புதுச் சாமை குத்தினால் முதல் கஞ்சியை இரண்டுக்கும் ஒரே கிண்ணத்தில்தான் ஊட்டுவோம். பிரித்துக் கொடுத்தால் ஒன்று ஏங்கிப்போகும் என்பார் மாமியார். "புள்ளையோட கூடப் பொறந்தது" என்று ஊரே கிளியைக் கொஞ்சும். விளையாட்டாக வந்த பேச்சுதான். படம் பார்த்த பிறகு எனக்கு அது விளையாட்டாக இல்லை. பூனை கூண்டுப் பக்கம் போனால் நான் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்குவேன். "பைத்தியக்காரி" என்று நீ சிரித்தாய்.

அடுத்த மழையில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு கொதித்தது, கண் செருகியது. கூண்டில் கிளியும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு தலை தொங்கி உட்கார்ந்திருந்தது. ஆண்கள் இருவரும் குடகில் காப்பித் தோட்ட வேலையில். நீ சேற்றில் ஓடிப்போய் ரோட்டில் போன ஒரு ஜீப்பை நிறுத்தினாய். நானோ வாசலை விட்டு நகரவில்லை.

"கிளிய வுட்டுட்டு வரமாட்டேங்க்கா. இங்க அதுக்கு ஒண்ணு ஆச்சின்னா அங்க புள்ள போய்டும்."

"ஆஸ்பத்திரிக்குப் போறீங்களா, சந்தைக்குப் போறீங்களா?" என்று டிரைவர் சலித்துக்கொண்டார். நீ என்னைத் திட்டுவாய் என்று நினைத்தேன். நீ உள்ளே போனாய், கிளியை எடுத்தாய், முந்தானையில் பொதிந்துகொண்டாய்.

"நீ புள்ளையப் புடி. இத நான் பாத்துக்கிறேன். ஏறு."

மலையிறங்கும் அந்த ரோட்டை நான் மறக்கவே மாட்டேன். ஒவ்வொரு வளைவிலும் கேட்டேன். "இருக்குதாக்கா?"

"இருக்குது."

"கண்ணு முழிச்சிருக்குதா?"

"தூங்குது. நோண்டாத."

உன் உதடு வறண்டிருந்தது. நீ கிளியைப் பார்க்கவே இல்லை. கையை நீட்டி நீட்டி என் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுக்கொண்டே வந்தாய். காய்ச்சல் பார்க்கிறாய் என்று நினைத்தேன். நீ "இருக்குது" என்று சொல்லச் சொல்ல எனக்கு மூச்சு வந்தது. அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் வழியிலேயே ஜீப்பை நிறுத்தி ஒப்பாரி வைத்திருப்பேன். பிள்ளை அங்கேயே போயிருப்பாள்.

ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் காலையில் அவள் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டாள். கிளிக்கும் ஒரு வாய் கொடுக்கலாம் என்று உன்னைத் தேடி வெளியே வந்தேன். ஆஸ்பத்திரிச் சுவரோரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாய். கையெல்லாம் மண்.

"மொத வளைவுலியே செத்துட்சிடி" என்றாய்.

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "அவ்ளோ தூரமும் பொய்யா சொன்ன?"

"பின்ன இன்னா சொல்லச் சொல்ற? நானும் அந்தப் படத்தப் பாத்தவதானே. மடியில அது சில்லுனு ஆய்ட்சி. இப்பப் போய்டும், இப்பப் போய்டும்னு ஒவ்வொரு வளைவுலியும் புள்ள காலத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்குனே வந்தேன்." அதைச் சொன்ன பிறகுதான் உன் கை நடுங்க ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அந்த நடுக்கம் என் கையில் இன்னும் இருக்கிறது அக்கா. பைத்தியக்காரி என்று என்னைப் பார்த்துச் சிரித்த நீ, என்னைவிட அதிகமாக நம்பியிருக்கிறாய். நம்பிக்கொண்டே சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறாய். நீ போய் ஒரு மாதம் ஆகிறது. மகள் வேலைக்குப் போய்விட்டு வீடு திரும்பத் தாமதமானால் இப்போதும் என்னால் வீட்டுக்குள் இருக்க முடிவதில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பேரன் என் முகத்தையே பார்க்கிறான். பஸ் லேட்டுடா, வந்துகொண்டே இருக்கிறாள் என்று அவனிடம் சொல்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியாது அக்கா. குரல் மட்டும் நடுங்காமல் சொல்கிறேன்.