முதல் பிரிவுக்கு ஏறிய கல்லூரி

ஹெல்டால், வடக்கு டகோட்டா
நவம்பர் 24

அன்பு மகன் ஹால்வருக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் நல்ல சுகம், அலாஸ்காக் கடல் குளிரில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். உன் தங்கையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். சனிக்கிழமை சோல்வெய்யின் வாலிபால் அணி லீக் கோப்பையை ஜெயித்துவிட்டது, கடைசிப் புள்ளி அவள் அடித்தது. ஆனால் தேசியப் போட்டிக்குப் போகப்போவது நம்மிடம் தோற்ற அணி. நீ சரியாகத்தான் படித்தாய், தோற்றவர்கள்தான் போகிறார்கள். கல்லூரி விளையாட்டின் மூன்று பிரிவுகளில், இரண்டாம் பிரிவிலிருந்து முதல் பிரிவுக்கு ஏறும் கல்லூரி நான்கு வருடம் தேசியப் போட்டி வாசலை மிதிக்கக் கூடாதாம். நம் ஊர்க் கல்லூரி ஏறியது அவள் சேர்ந்த வருடம், கல்லூரிக்காக அவள் ஆட முடிவதே நான்கு வருடம்தான், அது இதோடு முடிந்தது.

இந்தப் பெருமைக்கு நடந்த கூத்தைக் கேள். முதல் பிரிவு என்றால் பதினான்கு விளையாட்டாவது நடத்த வேண்டும், நம்மிடம் இருந்தது பதின்மூன்று. உடனே கல்லூரித் தலைவர் பிளெவின்ஸ் பெண்களுக்கு கோல்ஃப் ஆரம்பித்தார். ஏப்ரல் வரை பனி கிடக்கிற ஊரில் கோல்ஃப்! பாவம் பிள்ளைகள் ஜிம்முக்குள் கம்பளம் விரித்து அடித்துப் பழகுகிறார்கள், கல்லூரிச் சலவை வேலையில் அவர்கள் உடுப்பையும் நான்தான் துவைக்கிறேன், மருந்துக்கும் ஒரு புல் கறை கிடையாது. முன்பு பையன்களின் ஃபுட்பால் அணி பஸ்ஸில் பக்கத்து ஊருக்குப் போய் ஜெயித்துவிட்டு வரும், இப்போது விமானம் ஏறிப் போய் பெரிய பல்கலைக்கழகத்திடம் உதை வாங்கி வருகிறது. நம் பாஸ்டர் மகள் மூன்றாம் பிரிவுக் கல்லூரி ஒன்றில் வாலிபால் ஆடுகிறாள், அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது, ஆசைக்குத்தான் ஆடுகிறார்கள். அவள் அணி போன வருடம் அவர்களுடைய தேசியப் போட்டிக்குப் போய் வந்தது. சர்ச்சில் காபி குடிக்கும்போது அதைச் சொன்னால், மூணாம் பிரிவா, என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். இவர்களில் பாதிப் பேருக்கு வலைக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாது.

திங்கட்கிழமை பிளெவின்ஸ் துவைக்கும் அறைக்கே வந்துவிட்டார். ஞாயிறு விருந்தில் சோல்வெய்க்குக் கேடயம் தரப்போகிறாராம். "அடுத்த வருஷம் பாருங்கம்மா, நாமதான் போறோம், எல்லாம் உங்க பொண்ணு போட்ட பாதை" என்றார். "பாதை போட்டவ வேலை தேடிக்கிட்டு இருப்பா, நீங்க கோட்டு மாட்டிக்கிட்டுப் போயிட்டு வாங்க" என்றேன். உன் அப்பாவிடம் சொன்னால், "ஏண்டி, சோறு போடுற மனுஷன்கிட்டயா வாய் குடுக்குற" என்கிறார். விருந்துக்குப் போக மாட்டேன் என்கிறாள் உன் தங்கை, போயே ஆக வேண்டும் என்கிறார் இவர்.

இவ்வளவு நேரம் ஊரைத் திட்டியாயிற்று. நேற்று மத்தியானம் சோல்வெய் காரை விட்டு இறங்கவே இல்லை, காபி எடுத்துக்கொண்டு போனேன். அவள் போனில் மினசோட்டாவின் அந்த இரண்டாம் பிரிவுக் கல்லூரி தன் பிரிவின் தேசியப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தது. நினைவிருக்கிறதா, நான்கு வருடத்துக்கு முன் அதன் கோச் நம் சமையலறையில் உட்கார்ந்து தன் அணிக்கு இவளைக் கேட்டார், இவளும் போகத்தான் ஆசைப்பட்டாள். "நம்ம ஊரே முதல் பிரிவுக்கு ஏறுது, நீ ரெண்டாம் பிரிவுக்கு எறங்கப் போறியாடி" என்று கேட்டது பிளெவின்ஸ் இல்லை, நான். அந்த வாரம் மேலே பெரிதாக 1 என்று எழுதிக் கேக் செய்து சர்ச்சுக்குக் கொண்டுபோனதும் நான்தான். அவள் காபியை வாங்கிக்கொண்டு, "நல்லா ஆடுறாங்கம்மா" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளைக் கூப்பிட்டுப் பேசு. விருந்துக்குப் போக வேண்டாம் என்று அம்மாவே சொன்னதாகச் சொல், அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். அவளுடைய பதினோராம் எண் சட்டையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், திருப்பிக் கொடுக்கக் கை வரவில்லை. கர்த்தர் உன்னைக் கடலில் பத்திரமாக வைத்திருக்கட்டும், கம்பளிக் காலுறையை ஈரத்தோடு போடாதே. மறக்காமல் இன்னொன்றும் சொல், அம்மா செய்தது தப்பு என்று. நான் போய்ச் சொன்னால், பரவாயில்லைம்மா என்று சொல்லிவிடுவாள், அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

உன் அம்மா,
போர்கில்ட்